ஏவலும் எச்சமும்: 'எழில்' நிரல்மொழியின் தொடரமைப்புப் பற்றிய சில குறிப்புகள்

தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றிலே, கணினிக்கென ஆக்கப்பட்ட மொழியொன்றைத் திறனாய்வுப் பொருளாகக் கொள்வது பொருத்தமற்றதெனச் சிலர் கருதக்கூடும். யாப்பும் அணியும் இல்லாத ஒன்றிலே இலக்கியத் திறனாய்வாளனுக்கு என்ன வேலை என அவர்கள் வினவலாம். ஆயின், தொடரமைப்பு உள்ள இடத்திலே இலக்கணம் உண்டு. இலக்கணம் உள்ள இடத்திலே யார் யாரிடம் எந்நிலையில் நின்று பேசுகின்றார் என்னும் வினாவும் உண்டு. அவ்வினா எமது துறைக்குப் புறம்பானதன்று.

செய்நிரல் என்பது இயந்திரம் ஒன்று ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் தொகுதி. அதனை எழுதுவதற்கு அமைந்த செயற்கை மொழியில் நிலைபேறான பொருளுடைய சொற்கள் மிகச் சிலவே. எஞ்சிய பெயர்களை எழுதுபவரே இட்டுக்கொள்வார். எனவே இத்தகைய மொழியொன்றை ஆக்க முனைபவர் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன: எச்சொற்களைத் தெரிந்தெடுப்பது, அவற்றை எவ்வொழுங்கில் நிறுத்துவது. தமிழில் செய்நிரல் எழுதுவது பற்றி நம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் முதலாவது கேள்வியோடு நின்றுவிடுகின்றன. கலைச்சொல்லாக்கம் எமக்குப் பழகிய துறையாதலின் இது வியப்பன்று. ஆயினும் இரண்டாவது கேள்வியே அடிப்படையானது என்பதும், முதலாவதன் சிக்கல்கள் பல இரண்டாவதன் வழியாகவே தீர்வன அல்லது முற்றுவன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இன்று வழக்கிலுள்ள செய்நிரல் மொழிகளிற் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களைக் கொண்டவை. இது இயந்திரத்தின் இயல்பால் நேர்ந்ததன்று. இயந்திரத்திற்கு எம்மொழியும் ஒன்றே. கிரேஸ் ஹொப்பர் என்னும் கணினியியலாளர் 1950களில் ஆங்கிலச் சொற்களாலான கட்டளைகளை ஏற்கும் முறையொன்றை உருவாக்கியபோது, அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இட்டு இயந்திரம் அவற்றையும் நிறைவேற்றுவதைத் தம் நிருவாகத்தினருக்குக் காட்டினார். அமெரிக்க மண்ணிற் கட்டிய இயந்திரம் அந்நிய மொழியை விளங்கிக்கொள்வதாவது என அவர்கள் வெகுண்டனர் எனவும், ஆங்கிலம் மட்டுமே பயன்படுத்தப்படும் என உறுதிகூறவே மாதக்கணக்காயிற்று எனவும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். தொழில்நுட்பத்தின் நடுநிலை பற்றிப் பேசுவோர் இந்நிகழ்ச்சியைச் சற்று நிதானித்து நோக்குதல் நன்று.

எதிர்த்திசையிலும் உதாரணமுண்டு. சோவியத் நாட்டிலே 1985இல் கணினியியல் பாடசாலைப் பாடமாக்கப்பட்டபோது, கல்விமான் எர்ஷோவ் உருசியச் சொற்களாலான கற்பித்தல் மொழியொன்றை அதற்கென அமைத்தார். பல பாடசாலைகளில் அப்போது கணினியே இருக்கவில்லை. மாணவர் செய்நிரலைத் தாளில் எழுதித் தாளிலேயே நிறைவேற்றிப் பார்த்தனர். அம்மொழி இயந்திரத்திற்கு முன்னதாக மனிதருக்காக அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

மார்க்சிய மொழியியலில் இங்கு இடைமறிக்கும் ஒரு பழைய விவாதம் உண்டு. மொழி மேற்கட்டுமானத்தின் கூறு என வாதித்த மார் என்பாரின் கொள்கையை மறுத்து, 1950இல் ஸ்டாலின் 'பிராவ்தா'வில் எழுதினார். மொழி எவ்வொரு வர்க்கத்தினதும் ஆக்கமன்று, தலைமுறைகள் பலவற்றின் கூட்டாக்கம் என்பது அவர் வாதம். இயல்மொழியைப் பொறுத்தவரை அதன் பெரும்பகுதியை ஏற்கலாம். ஆனால் செய்நிரல் மொழியோ ஒரு நிறுவனமோ தனியாளோ குறித்த ஆண்டில், குறித்த தேவைக்கெனச் செய்தது. உற்பத்திக் கருவியோடு ஒட்டிப் பிறந்தது. 1959இல் கோபோல் மொழியை வகுத்தோர் அதன் தொடர்களை ஆங்கில வாக்கியங்கள்போல் அமைத்ததற்கு, முகாமையாளரும் அதனைப் படித்தறிய வேண்டும் என்பது ஒரு நோக்கமாக இருந்தது. தொடரமைப்பு இங்கே வாசகர் வர்க்கமொன்றை முன்கூட்டியே தெரிந்தெடுக்கின்றது.

இப்பின்னணியிலேயே 'எழில்' மொழியை நோக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் வாழும் பொறியியலாளர் முத்து அண்ணாமலை தம் சொந்த முயற்சியாக இதனை ஆக்கினார். 2009இல் இதனை அறிமுகஞ் செய்யும் கட்டுரையையும், 2013இல் ஆரம்பநிலைக் கணினிக் கல்விக்கு இதனைப் பரிந்துரைக்கும் கட்டுரையையும் வெளியிட்டார். பைதன் மொழியின்மேல் கட்டப்பட்ட திறந்த மூல ஆக்கம் இது. இதனைப் பொழுதுபோக்கு முயற்சி எனத் தள்ளிவிடுவோர், எமது உயர்தர வகுப்புப் பாடத்திட்டத்தில் இன்று இடம்பெறும் பைதனே 1989ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் கைடோ வான் ரொஸம் பொழுதுபோக்காகத் தொடங்கியது என்பதை அறியாதவராதல் வேண்டும்.

எழிலின் தொடரமைப்பை விளக்க மலையகத்தார் அனைவரும் அறிந்த கணக்கொன்றையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் நாட்கூலி 'பேர்' என வழங்கும். மடுவத்தில் நிறுக்கும் கொழுந்தின் நிறையிலே சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிவு நீக்கி, எஞ்சுவது குறித்த அளவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிடின் அரைப்பேர். இவ்விதி எழிலில் பின்வருமாறு அமையும்:

நிரல்பாகம் நாட்பேர்( நிறை, கழிவு, அளவு )
  @( நிறை - கழிவு >= அளவு ) ஆனால்
    பதிப்பி "முழுப்பேர்"
  இல்லை
    பதிப்பி "அரைப்பேர்"
  முடி
முடி

இதிலே முதன்மையாகக் கவனிக்க வேண்டியது 'ஆனால்' நிற்கும் இடம். ஆங்கிலவழி மொழிகளில் நிபந்தனை காட்டும் சொல் முன்னே வரும். நிபந்தனை பின்னே தொடரும். எழிலிலோ நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக நிற்கின்றன. தமிழில் நிபந்தனைப் பொருளை எச்ச வடிவமே சுமக்கும். அது தான் முடிக்கும் எண்ணத்தின் இறுதியிலேயே வரும். மழை பெய்தால், கொழுந்து குறைந்தால் என்பவற்றில் 'ஆல்' ஈறு முன்னே ஓடிவந்து நிற்க இயலாது. எழிலின் ஆசிரியர் இவ்வியல்பைப் பேணியது வெறும் பற்றினால் மட்டும் அன்று என்பது 'ஆனால்' என்னும் சொல்லைச் சற்று ஆராயத் தெளிவாகும்.

'ஆனால்' என்பது 'ஆகு' என்னும் வினையின் நிபந்தனை எச்சம். இன்றைய உரைநடையிலோ வாக்கியத் தொடக்கத்தில் நின்று எதிர்மறுத்துத் தொடுக்கும் இடைச்சொல்லாகவே அது பெரிதும் வழங்குகின்றது. 'வந்தான், ஆனால் பேசவில்லை' என்பது போல. இச்சொல்லை ஆங்கில ஒழுங்கில் முன்னே நிறுத்தியிருந்தால் படிப்பவர் அதனை இந்தப் பொருளிலேயே கொண்டு தடுமாறியிருப்பர். பின்னே நிறுத்தியதால் 'விடிந்தது ஆனால்', 'உண்மை ஆனால்' என்னும் பழைய பொருள் தானாகவே மீள்கின்றது. சொல்லின் பொருளை இடம் மீட்டுத் தருகின்றது. சொற்பட்டியலை மொழிபெயர்த்துவிட்டால் தமிழ் நிரல்மொழி ஆகிவிடும் என்னும் எண்ணத்திற்கு இதனினும் தக்க மறுப்பு வேண்டியதில்லை.

இவ்வொழுங்குக்கு ஒரு விலையும் உண்டு. அதுவே நிபந்தனைக்கு முன் நிற்கும் '@' குறி. இயந்திரம் இடமிருந்து வலமாகப் படித்துச் செல்கையில், அடைப்புக்குள் வருவது நிபந்தனை என்பதை 'ஆனால்' வரும் வரை அது அறியாது. முன்னறிவிப்பாகவே அக்குறி இடப்பட்டிருக்கிறது என எண்ணத் தோன்றுகின்றது. தமிழ் கேட்பவர் நீண்ட எச்சத் தொடரை முற்று வரும் வரை மனத்தில் தாங்கி நிற்பார். இயந்திரத்தையும் அவ்வாறு தாங்கச் செய்தல் இயலாததன்று. ஆயின் ஆக்கியோனுக்கு வேலை கூடும். ஒலியற்ற, வாசிக்க வழியற்ற அக்குறி ஆங்கில ஒழுங்குக்கெனச் சமைந்த பகுப்பு முறைக்குத் தமிழ் செலுத்தும் சிறு வரி எனலாம்.

'ஆனால்' பெற்ற வெற்றியை 'வரை' பெறவில்லை. நிபந்தனை மெய்யாயிருக்கும் காலம் முழுதும் ஒரு செயலைத் திரும்பச் செய்விக்க எழில் இச்சொல்லைக் கையாள்கின்றது:

மீதி = 5
@( மீதி > 0 ) வரை
  பதிப்பி மீதி
  மீதி = மீதி - 1
முடி

பொல்பிட்டியவிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் வழியில் உள்ள தோட்டமொன்றிலே, மாலை வகுப்பு மாணவர் சிலரிடம் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, என்ன நிகழும் எனக் கேட்டேன். ஐந்திலிருந்து ஒன்று வரை அச்சாகும் என்றனர் சிலர். இயந்திரம் செய்வதும் அதுவே. வேறு சிலரோ, "மீதி இப்பவே பூச்சியத்துக்கு மேலதானே இருக்கு, அப்ப ஒண்ணும் வராதே சேர்" என்றனர். இரண்டாவது கூட்டத்தாரைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவர்களது தமிழ் பிழையற்றது.

பெயரோடு சேர்கையில் 'வரை' எல்லையைச் சுட்டும்: ஹற்றன் வரை, ஐந்து மணி வரை. பெயரெச்சத்தோடு சேர்கையில் அது இருவகைப்படும். 'பஸ் வரும் வரை நின்றான்' என்பதில் வருதல் நிகழ்ந்ததும் நிற்றல் ஒழிகின்றது. 'உயிர் இருக்கும் வரை உழைத்தான்' என்பதில் இருத்தல் ஒழிந்ததும் உழைத்தல் ஒழிகின்றது. நிகழ்ச்சியைக் குறிக்கும் வினை ஒருவிதமாகவும், நிலையைக் குறிக்கும் வினை அதற்கு நேர்மாறாகவும் பொருள் தருகின்றன. எழிலில் அடைப்புக்குள் நிற்பதோ கணிதக் குறி. அதனை 'கூடும்' எனப் படிப்பதா, 'கூடியிருக்கும்' எனப் படிப்பதா என்பதைச் சொல்லத் தமிழ் வினை எதுவும் அங்கில்லை. எனவே மாணவர் இரண்டாகப் பிரிந்தனர். இங்கே ஒழுங்கு தமிழொழுங்குதான். ஆயினும் வினையை விழுங்கிவிட்ட ஒழுங்கு. 'இருக்கும்வரை' என ஒரே சொல்லாக ஆக்கியிருந்தால் மயக்கம் நீங்கியிருக்கும். மூலம் திறந்திருப்பதால் இதனை மாற்றிப் பார்க்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஏனைய சொற்களைச் சுருக்கமாகக் கூறலாம். 'இல்லை' என்பது முற்று. வாக்கியத்தை மூடும் சொல். அதனை மறு வழியைத் திறக்கும் சொல்லாக ஆள்வது உறுத்துகின்றது. 'இல்லையேல்' என்னும் எச்சம் கையிலிருக்க, அதனை விட்டது ஏன் என விளங்கவில்லை. 'முடி' நிபந்தனையையும் சுழற்சியையும் நிரல்பாகத்தையும் ஒருங்கே மூடுகின்றது. எதனை மூடுகின்றது என்பதைக் கண்ணே எண்ணிக் கொள்ள வேண்டும். 'நிரல்பாகம்' புத்தாக்கம். எமது பாடநூல்களில் கணிதம் பயிலும் மாணவர் 'சார்பு' என்னும் சொல்லை முன்பே அறிவர். 'பதிப்பி' என்பதைப் பார்க்குந்தோறும் எனக்குச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் நினைவே வருகின்றது. கணினியின் விடைகள் தாளில் அச்சாகி வெளிவந்த காலத்தின் ஆங்கிலச் சொல் அது. தாள் போய்த் திரை வந்த பின்னும், கடல் கடந்து தமிழில் ஏடு பதிப்பிக்கின்றது. 'காட்டு' என்றால் எந்தக் குழந்தைக்கும் புரியும்.

இச்சொற்களினூடே ஒரு பொதுமை ஓடுகின்றது. பதிப்பி, நிறுத்து, தொடர், பின்கொடு, முடி யாவும் முன்னிலை ஒருமை ஏவல். ஆங்கில ஏவல் வினை ஒருமை பன்மை காட்டாது. மதிப்பும் அவமதிப்பும் காட்டாது. தமிழ் ஏவல் காட்டியே தீரும். நிறுத்து, நிறுத்துங்கள், நிறுத்துக, நிறுத்தவும் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போதே பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலான சமூக உறவு தெரிவாகிவிடுகின்றது.

மலையகத்தில் ஏவல் வினைக்குத் தனி வரலாறு உண்டு. தோட்டத்துரைமார் தமிழ் கற்பதற்கெனக் கைந்நூல்கள் எழுதப்பட்டன. ஃபெர்குசன் தொகுத்த நூலின் பெயரே 'இங்கே வா' என்பது; சின்னத்துரையின் சட்டைப்பை வழிகாட்டி எனவும் அது தன்னைச் சொல்லிக்கொண்டது. வெல்ஸ் என்பாரின் நூல் 'கூலித் தமிழ்' எனத் தலைப்பிட்டது. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழியொன்று ஏவலும் வினாவும் எண்ணும் கொண்ட வேலைவாங்கு மொழியாக அங்கே குறுகுகின்றது. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் ஒலித்த தமிழ் அதுவே. சொற்றொகை சிறிது, பொருள் மயக்கமற்றது, மறுமொழி வேண்டாதது, கேட்போன் நிறைவேற்றுவான் என்னும் உறுதியின்மேல் நிற்பது. செய்நிரல் மொழிக்கு நாம் கூறும் இலக்கணமும் ஏறத்தாழ இதுவாகவே இருப்பதைக் காண எமக்குச் சங்கடமாகத்தான் இருக்கின்றது.

இவ்வொப்புமையை எல்லை மீறி இழுத்தல் கூடாது. இயந்திரம் கூலியாளன்று, அதனை 'நீ' என்பதால் எவர் மதிப்பும் குறையாது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழிலில் எழுதும்போது ஏவல் வினையின் உரிமையாளர் மாறுகின்றார் என்பதும் உண்மை. ஆயினும், அவ்வுரிமை எதுவரை செல்கின்றது? மேற்காட்டிய நாட்பேர் செய்நிரலில் கழிவு எவ்வளவு என்பதை அச்செய்நிரல் தீர்மானிப்பதில்லை, வெளியிலிருந்து பெற்றுக்கொள்கின்றது. அளவும் அவ்வாறே. விதியைத் தமிழில் எழுதிவிட்டதால் விதி தொழிலாளியினுடையதாகிவிடாது. பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 1969இலேயே இயங்கத் தொடங்கியது. அதன்பின்னும் நெடுங்காலம் மலையகத் தோட்டங்களின் லயங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. அருகிலிருத்தல் வேறு, உடைமை வேறு. தமிழ்ச்சொல் கண்டதும் தமிழால் எல்லாம் முடியும் என முழங்குவோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

ஆயினும் விதியைப் படித்தறிதலும் சிறிய காரியமன்று. அதே மாலை வகுப்பிலே நாட்பேர்ச் செய்நிரலைத் தாளில் எழுதிய மாணவர், அதுவரை 'கணக்கு' என்னும் ஒரே சொல்லால் அறிந்திருந்த ஒன்று மூன்று மாறிகளாகப் பிரிந்து நிற்பதைக் கண்டனர். கழிவு ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணா என்பது அவர்கள் கேட்ட முதற் கேள்வி. ஆங்கிலச் சொற்களில் எழுதியிருந்தால் இக்கேள்வி எழுந்திராது எனக் கூற மாட்டேன். எழுவதற்கு முன் சொற்களை மனனஞ்செய்வதிலேயே அந்த ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும்.

இனி, எழில் தொடாது விட்ட இடத்துக்கு வருவோம். நிபந்தனையைப் பின்னிறுத்திய ஆசிரியர் ஏவலை முன்னேயே விட்டுவிட்டார். 'பதிப்பி மீதி' என்பது ஆங்கில ஒழுங்கு. தமிழில் செயப்படுபொருள் முன்னும் வினை இறுதியிலுமாக 'மீதியைக் காட்டு' என்றே வரும். மேலும், தொடர்ச்சியான செயல்களைச் சொல்லும்போது தமிழ் ஒவ்வொன்றுக்கும் ஏவல் இடுவதில்லை. 'கொழுந்தை நிறுத்து, கழிவைக் கழித்து, பேரைப் போடு' என்பதே எந்தக் கணக்கப்பிள்ளையும் கூறும் முறை. முன்னிரண்டும் வினையெச்சம், இறுதியானது மட்டுமே ஏவல். இதிலுள்ள 'நிறுத்து' நிறுத்தற் பொருளதாகிய எச்சம். எழிலின் 'நிறுத்து' ஏவல். ஒரே வடிவம் எச்சமாகவும் ஏவலாகவும் நின்று மயக்குவதையும் இங்கே காணலாம். செயல்வரிசையைச் சுட்ட எமது மொழி தானே வைத்திருக்கும் கருவி எச்சம். எழிலில் அது நிபந்தனைக்கு மட்டுமே பயன்பட்டுள்ளது.

வேறிடங்களில் இதற்கு முயன்றுள்ளனர். தமிழைப் போலவே வினையை இறுதியில் வைக்கும் யப்பானிய மொழியில் 'நதெஷிகோ' என்னும் நிரல்மொழி, பெயருக்குப்பின் உருபு இட்டு இறுதியில் வினை வைக்கும் தொடர்களை ஏற்கின்றது. டேமியன் கொன்வே 2000இல் இலத்தீன் வேற்றுமை ஈறுகளால் பொருள் உணர்த்தும் செய்நிரல் முறையொன்றைப் பாதி வேடிக்கையாகச் செய்து காட்டினார். அங்கே சொற்களின் ஒழுங்கு பெரிதாகப் பொருட்டன்று, ஈறே பொருட்டு. தமிழுக்கு இவ்விரண்டும் அண்மையில் உள்ள முன்மாதிரிகள்.

ஆயின் யப்பானிய உருபு பெயரை மாற்றாது அதன்பின் தனித்து நிற்கும். தமிழ் உருபோ பெயரின் உடலுக்குள் புகும். நிறை நிறையை ஆகும்; பணம் பணத்தை ஆகும்; கணக்கு கணக்கை ஆகும். மூன்றிலும் மூவகைப் புணர்ச்சி. இயந்திரம் 'பணத்தை' என்பதைக் கண்டு 'பணம்' என்னும் மாறியைத் தேடிச் செல்ல வேண்டுமாயின், உடம்படுமெய்யும் சாரியையும் குற்றியலுகரமும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இது அச்சுறுத்த வேண்டிய செய்தியன்று. பவணந்தியார் உருபுபுணரியலில் வகுத்த நூற்பாக்கள் நிபந்தனையும் விளைவுமாக அமைந்தவை. எமது இலக்கியப் பிரதிகளுள் செய்நிரலுக்கு மிக நெருங்கியவை அவையே எனலாம். தமிழ்த்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் ஒரே மேசையில் அமர வேண்டிய வேலை இது.

விதிகளை முற்றாக எழுதிய பின்னும் ஓரிடம் எஞ்சும். மஸ்கெலி ஓயாவின் நீர்மட்டத்தைக் கணக்கிட முனையும் மாணவர் ஒருவர் தம் மாறிக்கு 'ஆறு' எனப் பெயரிடுகின்றார் எனக் கொள்வோம். அவர் நினைத்தது நீரோடும் ஆறானால் உருபேற்கையில் 'ஆற்றை' ஆகும். எண்ணானால் 'ஆறை' ஆகும். எழுத்து ஒன்றே. எதனை நினைத்துப் பெயரிட்டார் என்பதை இயந்திரத்துக்கு அவர் எங்கே, எவ்வாறு சொல்வது என்பதற்கு நன்னூலிலும் விடையில்லை, பைதனிலும் விடையில்லை.